சுஹைலின் அப்பா

1

இந்த நாட்டில் வெயில் முறிவதற்கு மழை தேவையில்லை. ஒரு நட்சத்திரம் போதும். ஆவணி மாதத்தில் ஒருநாள் விடியுமுன் தெற்கே அது தெரிந்துவிட்டால், இனி பானைத் தண்ணீர் குளிரும், பேரீச்சை மிச்சமில்லாமல் பழுக்கும், படுத்தால் போர்வை தேட வேண்டிவரும் என்று பஹ்ரைன்காரர்கள் சொல்வார்கள். நாலு வருடமாகப் பார்க்கிறேன். சொன்னது தப்பியதில்லை.

போன வாரம் வேலைக்குப் போகும் லாரியை ஜாஸிம் பாதி வழியில் நிறுத்தினான். அவன்தான் எங்கள் லாரி டிரைவர். கதவைத் திறந்து குதித்து, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கத்தினான்.

“அபூ சுஹைல்! இறங்கு, இறங்கு. நம் பையன் வந்துவிட்டான்!”

தெற்கே மணல்மேட்டுக்கு ஒரு முழம் மேலே வெள்ளையாக ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் கை தட்டினான். அந்த நட்சத்திரத்தின் பெயர் சுஹைல். ஜாஸிமின் மகனுக்கும் அதே பெயர்தான். என் மகனுக்கும் அதே பெயர்தான்.

‘அபூ சுஹைல்’ என்றால் சுஹைலின் அப்பா. இங்கே ஒருவனுக்கு மகன் பிறந்துவிட்டால் அவனுடைய சொந்தப் பெயரை யாரும் அதிகம் எடுப்பதில்லை. மகனைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கம்பெனியில் இரண்டு அபூ சுஹைல். ஒருவன் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் தன் சுஹைலைத் தோளில் ஏற்றிக்கொள்கிறவன். இன்னொருவன் நான். என் மகனுக்கு மூன்றரை வயது ஆகிறது. நான் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே நூறு பேர் தினமும் என்னைச் சுஹைலின் அப்பா என்று கூப்பிடுகிறார்கள். சுஹைல் ஒருவன்தான் கூப்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது தம்பி ராசையனிடமிருந்து ஒரு கடிதம் வந்து கிடந்தது. நாலு வருடத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் கடிதம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் பொறாமையை முதலில் சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் உங்களுக்கு விளங்காது. ‘நம்ம மனுவேலா இப்படி?’ என்று ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஆமாம், அதே மனுவேல்தான்.

2

எங்கள் வீடு குன்னத்துகால் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தோடு, சின்ன ஓடை, ஓடுகிறது. கோடையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிவிடலாம். தோட்டுக்கு அக்கரை விளவங்கோடு தாலுகா, இக்கரை நெய்யாற்றின்கரை தாலுகா. நான் கப்பல் ஏறும்போது இரண்டும் ஒரே ராஜ்யம்தான். எங்கள் பசு காலையில் ஒரு தாலுகாவிலும் மாலையில் ஒரு தாலுகாவிலும் மேயும்.

நான் புறப்பட்டபோது என் மனைவி லீதியாளுக்கு மூன்று மாதம். என் டிரங்குப் பெட்டியைப் பாறசாலை பஸ் வரைக்கும் தலையில் சுமந்து வந்தவன் ராசையன். என்னைவிட ஆறு வயது இளையவன், மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பெட்டியை பஸ் மேலே ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“அண்ணன் தைரியமா போவணும். மைனியையும் பொறக்கப் போற கொச்சையும் நான் பாத்துக்கிடுவேன், கேட்டியளா?”

அன்று அந்த வார்த்தை ஆறுதலாக இருந்தது. பம்பாய் வந்து சேரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே வார்த்தை வயிற்றில் நெருப்பாகி இன்றுவரை அணையவில்லை.

என் வேலை பெயர் எழுதுவது. கம்பெனி கேட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவனுக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். முகம்மது, அகமது, அலி, ஹசன், அப்துல்லா. பக்கம் பக்கமாக அவைதான் திரும்பத் திரும்ப வரும். முகம்மது மகன் அலி, அலி மகன் முகம்மது. அப்பன் பெயரும் தாத்தா பெயரும் சேர்த்து எழுதினால்தான் ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிக்க முடியும். அந்தப் பதிவேட்டில் ஒரு சுஹைல் கூட இல்லை. அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

3

நான் வந்த அடுத்த வருடம் எல்லைப் போராட்டம் மூண்டது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராக ஊர்வலம். எங்கள் தாலுகாவும் அதில் சேருமா சேராதா என்று ஒரே வாக்குவாதம். ராசையன் சாக்குக் கட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கொடியை எடுத்தான். அக்கரையில் போலீஸ் துப்பாக்கி வெடித்த வாரத்தில் அவனைப் பிடித்தார்கள். வாத்தியார் வேலை போயிற்று. நெய்யாற்றின்கரையில் ஜெயிலில் இருந்தான்.

இதெல்லாம் லீதியாளின் கடிதங்கள் வழியாகத்தான் எனக்குத் தெரியும். அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள். முன்பு அவள் கடிதம் என் உடம்பைக் கேட்டுத் தொடங்கும். இப்போது ராசையனில் தொடங்கி ராசையனில் முடிந்தது.

‘ராசையனைப் போய்ப் பாத்தேன். மெலிஞ்சுதான் போனான், ஆனாலும் சிரிப்பு மாறேல்ல. மீன் கறி கொண்டு குடுத்தேன். இப்பம் நம்ம வீட்டை எல்லாரும் ராசையன் சாருக்க வீடுண்ணாக்கும் சொல்லுதாவ.’

அந்த வீட்டின் ஓலையை மாற்றி ஓடு போட்டவன் நான். அந்த மீன் கறியை நான் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று அவள் கேட்கவில்லை. ஜெயிலுக்குப் போனவனுக்கு மீன் கறி கிடைத்தது. சம்பாதிக்க வந்தவனுக்குக் கேன்டீன் ரொட்டி.

எங்கள் மகன் பிறந்து, தவழ்ந்து, ஒரு வயதை எட்டியபோது வந்த கடிதம் என்னிடம் இன்னும் இருக்கிறது. கிழித்துப்போட நினைத்து, கிழிக்கவில்லை.

‘கொச்சு இன்னைக்கு நடந்துட்டான்! ஜெயில் முற்றத்துல வச்சாக்கும். ராசையன் ரெண்டு கையையும் நீட்டி, வா மக்கா, வாண்ணு சொன்னான். நாலு அடி வச்சு அவனுக்க மேலயே விழுந்தான். காவல் நிண்ணவங்க கூடக் கை கொட்டினாவ.’

நாலு அடி. அந்த நாலு அடியும் என்னைப் பார்த்து வைத்திருக்க வேண்டியவை. அன்று நான் சாப்பிடவில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். படைக்கு நான் அஞ்சவில்லை, தம்பிக்குத்தான் அஞ்சினேன்.

அந்த வருடம் எனக்கு ஊருக்குப் போக விடுப்பு இருந்தது. வேலை நெருக்கடி, வர முடியவில்லை என்று லீதியாளுக்கு எழுதினேன். பொய். போனால் கப்பல் ஏறிச் சம்பாதித்தவனைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், ராசையன் சாரின் அண்ணனைப் பார்க்கத்தான் வருவார்கள் என்று நினைத்தேன். சொந்த மகன் என்னைக் கண்டு பயந்து அழுது ஜெயிலில் இருக்கிறவனைத் தேடினால் அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பது? அதற்குப் பிறகு வந்த விடுப்பையும் விட்டுவிட்டேன். சும்மா சொல்லவில்லை, பொறாமை மனிதனுக்குச் சொந்த வீட்டு வழியையே அடைத்துவிடும்.

4

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தின்போது பிள்ளையின் அப்பன், அவன் இல்லாவிட்டால் அப்பன் வழி ஆண் ஒருவன், பிள்ளையைக் கையில் ஏந்திப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதையும் சபைக்குச் சொல்ல வேண்டும். நான் கடலுக்கு இந்தப் பக்கம், ராசையன் ஜெயிலில். அதனால் ஞானஸ்நானம் தள்ளிப்போயிற்று. கிட்டத்தட்ட இரண்டு வயது வரைக்கும் பிள்ளைக்குப் பெயர் ‘கொச்சு’ மட்டும்தான்.

ராசையன் வெளியே வரப்போகிறான் என்று தெரிந்ததும் லீதியாள் எழுதினாள்: ‘நீங்க ஒரு பேரு எழுதி அனுப்பணும். இல்லேண்ணா போராட்டக்காரங்க எல்லைச்செல்வன்னு வச்சிருவாவ போல இருக்கு. ராசையனுக்கும் அது பிடிச்சிருக்கு.’

கடைசி வரி போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். பார்த்துக்கொள்கிறேன் என்றவன் அவன், நடக்கப் பழக்கியது அவன். பெயரும் அவனுடையது என்றால் பிள்ளையிடம் எனக்கு என்ன மிச்சம்?

நான் பெயர் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஜாஸிம் ஒரு தட்டு நிறைய ஹல்வாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். முதல் நாள் மகன் பிறந்திருந்தான். அன்று விடியலில்தான் அந்த நட்சத்திரமும் தெரிந்தது. பெயர் சுஹைல்.

“என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். என் அரபியும் அவனுடைய ஹிந்துஸ்தானியும் சேர்ந்து நாங்கள் பேசிக்கொள்வோம்.

“அந்த நட்சத்திரத்தின் பெயர்தான். ஆனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. சுஹைல் ஒருகாலத்தில் வடக்கே மற்றவர்களோடு இருந்தவன். கல்யாணம் செய்தான், பெண் செத்துப்போனாள். பழி வரும் என்று பயந்து தெற்கே ஓடிவிட்டான். அவனுக்கு இரண்டு சகோதரிகள். ஒருத்தி வானத்து ஆற்றைத் தாண்டி அவன் பின்னால் போனாள். மற்றவள் தாண்ட முடியாமல் இக்கரையில் நின்று அழுதாள். அழுது அழுது அவள் கண் மங்கிப்போயிற்று. அதனால்தான் அந்த நட்சத்திரம் மட்டும் மங்கல்.”

அவன் அப்பா முத்துக் குளிக்கும் படகில் போனவர். கரை தெரியாத இடத்தில் இந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் தெற்கு எது என்று சொல்வாராம். பழங்காலத்தில் அரபு நாட்டில் பேச்சுத் திறமைக்குப் பெயர்போன ஒருவருக்கும் இந்தப் பெயர் இருந்ததாம். இவ்வளவு பழைய பெயர் பதிவேட்டில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டேன். ஜாஸிமுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

“எங்கள் தெருவில் கூப்பிட்டால் பதினோரு முகம்மது திரும்பிப் பார்ப்பார்கள். சுஹைல் என்றால் என் பையன் ஒருவன்தான். என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. தனியாக நிற்கிற நட்சத்திரம், பேரன் தூர தேசம் போய்விடுவான் என்று பயப்படுகிறாள்.”

நல்ல பெயர் என்று வாயால் சொன்னேன். ஹல்வாவைத் தாளில் மடித்து ஓரமாக வைத்தேன். மணி அடித்ததும் அவன் மகனிடம் போய்விடுவான், மூன்று மைல்தான். அந்த மூன்று மைலின் மேல் எனக்கு வந்த ஆசையை எப்படிச் சொல்வது?

அன்றே எழுதிவிட்டேன்: ‘பிள்ளையின் பெயர் சுஹைல்.’ தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. எங்கள் கோவில் பதிவேட்டிலும் இல்லை, போராட்டக்காரர்களின் தட்டியிலும் இல்லை. தமிழ் வாத்தியாரான ராசையன் இதில் மூக்கை நுழைக்க முடியாது. அந்தப் பெயர் வருகிற ஒரே வழி நான்தான்.

ஒரு காரியம் வேண்டுமென்றே செய்தேன். பொருளை எழுதவில்லை. ‘அர்த்தத்தைப் பிறகு எழுதுகிறேன்’ என்று முடித்துவிட்டேன். சபையில் பொருள் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு விஷயத்துக்காவது அவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன். அதைக் கேட்டு ஒரு கடிதம் வரும் என்று காத்திருந்தேன்.

5

கேட்டு வரவில்லை. ஞானஸ்நானம் முடிந்துவிட்டது என்றுதான் கடிதம் வந்தது.

நெய்யாற்றின்கரைச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு சாயபுவைத் தேடிப் போய் ராசையன் கேட்டிருக்கிறான். அன்று பஸ் மறியல். போகவும் வரவும் நடைதான். சாயபு யோசித்துவிட்டு, “ஈ பேரு இவிடெ ஆர்க்கும் இல்லல்லோ. தெக்கு உதிக்குன்ன ஒரு நட்சத்திரமாணு” என்றாராம். இங்கே யாருக்கும் இல்லாத பெயர், தெற்கே உதிக்கிற ஒரு நட்சத்திரம் என்று.

தெற்கே தனியாக நிற்கிற பெரிய வெள்ளி எது என்று ராசையனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அதற்கு அகத்தியன் என்று பெயர். நெய்யாறு பிறக்கிற மலைக்கும் அவர் பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கையில் ஏந்தி, “பேரு சுஹைல். தெக்கே நிக்குற வெள்ளி. நாம அகத்தியன்னு சொல்லுதது” என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறான்.

அகத்தியன் என்றதும் பாஸ்டர் கொஞ்சம் நெளிந்தாராம். பிறகு, “வெள்ளிதானே? கர்த்தர் பொறந்தப்பம் சாஸ்திரிமாரைக் கூட்டிட்டு வந்ததும் ஒரு வெள்ளியாக்கும். இருக்கட்டு” என்று தண்ணீரைத் தெளித்துவிட்டார். வெளியே போராட்டக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். “எலே ராசையா, தமிழ் தந்த முனிவனுக்க பேரை அறிஞ்சுதான் வச்சியாடே?” என்று முதுகில் தட்டினார்களாம். அதோடு விட்டார்களா? செல்லையன், தங்கையன், ராசையன் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அல்லவா? ஒரு வாரத்தில் பிள்ளையைச் ‘சுகையன்’ ஆக்கிவிட்டார்கள்.

கடலுக்கு இந்தப் பக்கம் தேடிப்பிடித்த அபூர்வமான பெயர்! பொருளையும் நான் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவன் ஒரு நாள் நடந்துபோய்ச் சாவி போடாமலே திறந்துவிட்டான்.

அந்த ஆத்திரத்தில் ஜாஸிமிடம் புலம்பினேன். என் மகனின் பெயரைத் தம்பி எடுத்துக்கொண்டான் என்று சொல்ல நினைத்தேன். என் அரபியில் ஒரு சொல் விட்டுப்போய், என் மகனைத் தம்பி எடுத்துக்கொண்டான் என்று வந்துவிட்டது. ஜாஸிம் பிரேக்கை அழுத்தி லாரியை நிறுத்தினான். “போலீசுக்குப் போனாயா?” என்று கேட்டான். நான் திருத்தவில்லை. தப்பாகச் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

6

இரண்டு மாதம் கழித்து, பங்குனியில் வந்த கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘இப்பம் நல்லா பேசுதான். அந்திக்கு ராசையன் தூக்கிட்டு முற்றத்துல எறங்கினா போதும், அப்பா, அப்பாண்ணு கையை நீட்டி ஒரே சிரிப்பு.’

அவள் அதைச் சாதாரணமாக எழுதிவிட்டு, பசு கன்று போட்டதைப் பற்றி அடுத்த வரியில் எழுதியிருந்தாள். எனக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை. நடந்தது அவனிடம், பெயரும் அவன் கணக்கில், கடைசியில் அப்பாவும் அவன்தான். லீதியாளுக்கு நான் மூன்று மாதம் எழுதவில்லை.

அந்த வருடக் கடைசியில் எல்லையைப் பிரித்தார்கள். போராடியவர்கள் கேட்டதில் பாதி கிடைத்தது. தோட்டுக்கு அக்கரை தமிழ்நாடு, இக்கரை கேரளம். எங்கள் வீடு இக்கரையில் நின்றுவிட்டது. ராசையன் தோற்றுப்போனான் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் வந்தது உண்மை.

அதற்குத் தண்டனைபோல ஒரு விண்ணப்பம் திரும்பி வந்து சேர்ந்தது. என் பாஸ்போர்ட்டில் மகன் பெயரைச் சேர்க்க மனுப் போட்டிருந்தேன். ராஜ்யம் என்ற இடத்தில் திருவிதாங்கூர்-கொச்சி என்று எழுதியிருந்தேன். அப்படி ஒன்று இப்போது இல்லை, மாற்றி எழுது என்று திருப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் ஆபீஸ் குமாஸ்தா ஒரு கேள்வியும் கேட்டான். “நீ கிறிஸ்தவன், பெயர் மனுவேல். மகன் எப்படி சுஹைல்? இது உன் மகன்தானா?”

“ஆமாம், என் மகன்தான்” என்றேன். அவனை அடையாளம் சொல் என்று கேட்டிருந்தால் என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

7

இனி ராசையனின் கடிதம்.

‘அன்புள்ள அண்ணனுக்கு ராசையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எல்லாரும் சுகம். இக்கரையில் இனி எனக்கு வேலை கிடைக்காது. அக்கரையில ஆறு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துல எடுத்திருக்காவ. ஆனி மாசம் பெட்டியும் படுக்கையுமா இங்க வந்துட்டேன். பஸ்ஸுல ஏறினா அரை மணி நேரம்தான், ஆனா வேற ராஜ்யம். அண்ணன் எப்படி அவ்வளவு தூரம் போய் இருக்கியளோண்ணு இப்பந்தான் எனக்குத் தெரியுது.

‘சுகையன் தோடு வரைக்கும் கூட வந்தான். மழையில தண்ணி ஏறிக் கிடந்துது. நான் அக்கரையில ஏறித் திரும்பிப் பாத்தேன். முட்டளவு தண்ணியில எறங்கி நிண்ணு சித்தப்பா, சித்தப்பாண்ணு அழுதான். மைனி வந்து தூக்கிட்டுப் போனா.

‘அண்ணங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். பிள்ளை பேச்சு வந்ததும் அப்பா எங்கண்ணுதான் முதல்ல கேட்டான். பஹ்ரைன்னு சொன்னா அதுக்கு என்ன தெரியும்? மாசி, பங்குனியில அந்திக்கு நம்ம தென்னைக்கு மேல அந்த வெள்ளி நிக்குமில்லியா, அதைக் காட்டி, அந்தா நிக்குது பாரு, அதாக்கும் உனக்க அப்பாண்ணு சொன்னேன். அண்ணன் அனுப்பின பேராச்சே, அதனால சொன்னது. அன்னைலேருந்து தினமும் அந்திக்கு அப்பாவைக் காட்டுண்ணு சொல்லி என் இடுப்புல ஏறிக்கிடுவான். கைய நீட்டிக் கூப்பிடுவான். அது காணாத மாசத்துல யாராவது கேட்டா, அப்பா வேலைக்குப் போயிருக்குண்ணு சொல்லுவான். அண்ணன், வாற மாசியில அதைக் காட்டிக் குடுக்க நான் அங்க இல்ல.’

கடிதத்தின் பின்பக்கத்தில் லீதியாள் நாலு வரி சேர்த்திருந்தாள். கடிதம் அவள் கை வழியாகத்தான் தபாலுக்குப் போயிருக்கிறது. ‘இதை உங்ககிட்ட சொல்லாண்டாம்னு ராசையன் சொல்லியிருந்தான். வெளிய விட்டப்பம் தினமும் அந்திக்குப் பாறசாலை போலீஸ் ஸ்டேஷன்ல வந்து ஒப்பு போடணும்னு எழுதி வாங்கியிருந்தாவ. பேருக்க அர்த்தம் கேக்கப் போன அன்னைக்கு நடந்து வந்து சேர நேரம் தெற்றிப்போச்சு. ரெண்டு நாளு திரும்பவும் உள்ள வச்சாவ. ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரிதான் விட்டாவ. அந்த அர்த்தத்தை நீங்களே ஒரு வரி எழுதியிருக்கலாம்.’

எழுதியிருக்கலாம். ஒரு வரிதான்.

நான் அந்தக் கடிதத்தைப் பல முறை படித்தேன். முற்றத்தில் இறங்கியதும் பிள்ளை கை நீட்டியது ராசையனைப் பார்த்தல்ல, அவன் தோளுக்கு மேலே தென்னையைப் பார்த்து. ஒன்றரை வருடமாக நான் வயிறெரிந்ததெல்லாம் என்னைக் கூப்பிட்ட ஒரு சத்தத்துக்காக. அதுவும் அவன் தெற்கே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். பஹ்ரைன் வடமேற்கே இருக்கிறது. பூகோளமும் சேர்த்துப் பாடம் நடத்துகிற வாத்தியாருக்கு அது தெரியாததல்ல. பிள்ளைக்குக் காட்ட வானத்தில் என் கணக்கில் வேறு எதுவும் இல்லாததால் இதைக் காட்டியிருக்கிறான்.

வெட்கமாக இருந்தது. பாறசாலை பஸ் வரைக்கும் என் பெட்டியைச் சுமந்து வந்தவனின் தலையை நினைத்து அழுதேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நான் கடல் தாண்டியபோது எனக்காக அழுவதற்கு என் மகன் பிறந்திருக்கவில்லை. ராசையன் ஒரு தோட்டைத் தாண்டியதற்குத் தண்ணீரில் இறங்கி நின்று அழுதிருக்கிறான். ஜாஸிம் சொன்ன கதையில் இக்கரையில் நின்று அழுத சகோதரி ஞாபகம் வந்தது. அந்த அழுகையில் ஒரு சொட்டாவது எனக்குச் சேர வேண்டியது என்று மனம் இன்னும் வழக்காடுகிறது.

8

மறுநாள் விடியலில் ஜாஸிம் மறுபடியும் லாரியை நிறுத்தினான். இந்தத் தடவை நானே முதலில் இறங்கினேன். மணல்மேட்டுக்கு மேலே அதே ஒரு முழம்.

கடிதத்தில் இருந்ததை அவனுக்குச் சொன்னேன். ஒரு சொல்லும் விட்டுப்போகாமல் மெதுவாகச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“ஒன்றரை வருடமாக உன் வேலையை அதுதான் பார்க்கிறதா?”

“ஆமாம்.”

“அதற்கு லீவு கொடு. நீ போ.”

அன்றே விடுப்பு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விஷயம்’ என்று போட்டேன். ராஜ்யம் என்ற இடத்தில் கேரளம் என்று எழுதினேன். முதல் தடவையாகக் கை தயங்கவில்லை. எந்த மாதம் வேண்டும் என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் போகிறாயா, எல்லாரும் அப்போதுதான் கேட்பார்கள் என்றார்கள். வேண்டாம், பிப்ரவரி போதும் என்றேன்.

ராசையனுக்கும் எழுதிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டைத் தாண்டி வா, நான் அங்கே இருப்பேன் என்று எழுதினேன். மன்னிப்பை எழுத வரவில்லை. அதை நேரில் சொல்ல வேண்டும்.

மாசியில் அந்தி நேரத்தில் எங்கள் முற்றத்தில் அது இங்கே போல மணலை ஒட்டி நடுங்கிக்கொண்டு நிற்காது. தென்னைக்கு மேலே ஏறி, நன்றாக, பெரிதாக நிற்கும். அவன் பழக்கப்படி கையை நீட்டி அப்பா என்று கூப்பிடுவான். நான் கீழே, அவனுக்குப் பக்கத்தில், வெயிலில் கறுத்துப்போன ஒரு அன்னியனாக நின்றுகொண்டிருப்பேன். நீட்டிய கையை அவன் என் பக்கம் திருப்புவானா என்று தெரியவில்லை. அந்த நட்சத்திரத்தைப் பார்த்து இப்போதே எனக்கு வயிறு எரிகிறது.